எக்ஸ் கிரணங்களின் சரித்திரம் – அத்தியாயம் 19: நிதானமான சலனங்கள்

சின்க்ரோட்ரான் என்னும் வட்ட யந்திரங்கள் வேண்டாத உபரியாகக் கசியவிட்டுக் கொண்டிருந்த ஒளியைப் படிக ஆராய்ச்சிக்காரர்கள் விரும்பி ஏற்று, பிறகு அந்த ஒளிக்கென்றே தனி வளையங்கள் கட்டிக்கொண்ட வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் சொன்னோம். அந்த வளையங்களை நாடி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வஸ்துக்களின் அமைப்பைப் பார்க்க வந்தவர்கள். ஒரு சிறு கூட்டத்தார் மட்டுமே வஸ்துக்களுக்குள்ளே நிகழும் மாறுதலைப் பார்க்க வந்தார்கள். அதிலும் அவர்கள் தேடியது மின்னல் வேகத்தில் நடந்து முடியும் மாறுதலையன்று. ஒரு விநாடியிலோ, ஒரு மணி நேரத்திலோ, ஒரு பகல் முழுவதிலுமோ ஆற அமர நடக்கும் மாறுதலையே அவர்கள் தேடினார்கள். பளபளப்பும் வேகமும் புகழ் பெறுகிற இடத்தில் நிதானத்தைத் தேடிப் போன இந்தச் சிலருடைய கதை எனக்கு மிகவும் உவப்பான கதை. ஆகவே இந்த அத்தியாயத்தைச் சற்று விரிவாகவே எழுத உத்தேசித்திருக்கிறேன்.

மேஜையின் மேல் வைத்த உலோகத் துண்டு அசையாமல் கிடக்கிறது என்று நாம் சொன்னாலும், அதற்குள்ளே பரமாணுக்கள் தத்தம் இருப்பிடத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பதோடு, எப்போதாவது ஒன்று தன் ஸ்தானத்தை விட்டு அடுத்த ஸ்தானத்துக்குத் தாவுகிறது. அதிர்வு ஒரு விநாடியில் லட்சம் கோடி தடவைக்கு மேல் நிகழ்வது. தாவலோ, உஷ்ணநிலை தாழ்ந்திருந்தால், மணிக்கு ஒரு முறைகூட நிகழாமல் இருக்கக் கூடும். ஆயினும் ஒரு கலப்புலோகம் நாளடைவில் உறுதி பெறுவதும் நலிவதும், களி போன்ற பண்டங்கள் தாமாகவே இறுகுவதும், கண்ணாடி வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குவதும் எல்லாம் அந்த அரிய தாவல்களின் காரியமே. நியூட்ரான்களைக் கொண்டு பரமாணு அளவிலான சலனங்களை அறியலாம். ஆனால் 1972-இல் ஃபெரென்ட்ஸ் மெஸெய் வகுத்த ஸ்பின் எதிரொலி முறையைக் கைக்கொண்டபோதும், ஏறத்தாழ ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டி நிதானமான சலனங்களை எட்டுவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருந்து அளக்கலாம். ஆனால் அதன் அலைநீளம் சுமார் 5,000 ஆங்ஸ்ட்ராம் ஆகையால் பரமாணுக்களின் நடமாட்டம் அதன் பார்வையில் படாது. உலோகத்தையோ அது ஊடுருவவே செய்யாது. நுண்ணிய தூரமும் நீண்ட காலமும் ஒருசேர அமைந்த பிரதேசம் இவ்வாறு எவருடைய கைக்கும் எட்டாமல் கிடந்தது.

அந்தப் பிரதேசத்துக்கு வழி காட்டியது லேசர். 1960-இல் தியோடர் மைமன் அதை உண்டாக்கிய பிறகு, அந்த ஒளியைச் சொரசொரப்பான எந்தப் பரப்பின் மேல் வீழ்த்தினாலும் அது சீராகப் படியாமல் மணிமணியாக மின்னுவதைப் பலரும் கண்டார்கள். தோற்றம் புதிதேயன்றி உண்மை புதிதன்று. 1912-இல் மியூனிக்கில் படிகத்தின் ஒழுங்கை எக்ஸ் கிரணங்களால் வெளிப்படுத்திய மாக்ஸ் ஃபான் லாவே, முதல் உலக யுத்த காலத்திலேயே, ஒழுங்கின்றி இறைந்து கிடக்கும் நுண்துகள்களில் ஒளி பட்டுச் சிதறும்போது தோன்றும் இந்தப் புள்ளிக் கோலத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் தேசத்திலும், பெங்களூரில் ஸர் ஸி. வி. ராமனிடம் பயின்ற ஜி. என். ராமச்சந்திரன், துகள்களினூடே பார்க்கும்போது ஒளியைச் சுற்றித் தெரியும் வளையங்களில் பிரகாசம் இடத்துக்கிடம் ஏறியிறங்குவதைப் பற்றி 1943-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் சென்னைச் சர்வகலாசாலையில் அமர்ந்து, கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை எக்ஸ் கிரணங்களின் துணையால் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இந்த ராமச்சந்திரனே என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவருடைய இளமைக் கட்டுரை அவ்வளவாக நினைக்கப்படாமல் போனது வருத்தத்துக்குரியது.

புள்ளிக் கோலத்தின் சூக்ஷ்மம் இதுதான். ஒழுங்கின்றிக் கிடக்கும் ஒவ்வொரு துகளும் தன்மேல் பட்ட அலையைச் சிதறச் செய்கிறது. அந்தச் சிற்றலைகள் வெவ்வேறு தூரம் கடந்து திரையை அடைவதால், ஓரிடத்தில் ஒன்றையொன்று வளர்த்தும் மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழித்தும் வெளிச்சமும் இருளுமாகப் படிகின்றன. எந்த இடத்தில் வெளிச்சம், எந்த இடத்தில் இருள் என்பது துகள்கள் அந்தக் கணத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. சாதாரண விளக்கிலோ, விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் தன் போக்கில் ஒரு கோலத்தை இட, ஆயிரக்கணக்கான கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் மங்கிச் சராசரியான ஒரு வெளிச்சமே மிஞ்சுகிறது. கோபுரத்தின் மேல்நிலையிலிருந்து திருவிழாக் கூட்டத்தைப் பார்ப்பவனுக்கு, வீதியில் ஜனநெருக்கம் எவ்வளவு என்பது தெரியும். காலை முதல் மாலை வரை அந்த நெருக்கம் மாறாமலே இருந்தாலும், காலையில் நின்றவர்களில் ஒருவராவது மாலையில் அதே இடத்தில் நிற்கிறாரா என்பது தெரியாது. சராசரி வெளிச்சம் கொடுப்பது நெருக்கத்தின் செய்தி. புள்ளிக் கோலம் கொடுப்பது யார் எங்கே நிற்கிறார் என்னும் செய்தி. துகள்கள் நகர்ந்தால் கோலம் கலைந்து வேறு கோலம் ஆகும். நகராவிட்டால் அப்படியே நிற்கும்.

1964-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் கம்மின்ஸ், நேபிள், யே ஆகிய மூவரும், நீரில் மிதக்கும் பாலிஸ்டைரீன் உருண்டைகளில் லேசர் ஒளியைச் சிதறச் செய்து, அவற்றின் பிரௌனியச் சலனத்தை அந்த ஒளியிலிருந்தே அளந்து காட்டினார்கள். அதன்பின் இம்முறை வேகமாக வளர்ந்து, ஒரு புள்ளியின் பிரகாசத்தை இப்போது ஒரு முறையும் சிறிது நேரம் கழித்து ஒரு முறையும் குறித்து, இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுத்து, சராசரிப் பிரகாசத்தின் வர்க்கத்தால் வகுக்கும் எளிய கணக்கில் நிலைபெற்றது. இடைவெளி சிறிதாயிருக்கும்போது கோலம் தன் பழைய உருவை நினைவில் வைத்திருக்கும். அப்போது விடை ஒன்றுக்கு மேல் நிற்கும். இடைவெளி பெரிதாகப் பெரிதாக நினைவு தேய்ந்து விடை ஒன்றுக்கு இறங்கிவிடும். எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதே வஸ்துவுக்குள் நடக்கும் சலனத்தின் காலம். எந்தக் கோணத்தில் சிதறிய ஒளியைப் பார்க்கிறோம் என்பதைக் கொண்டு, எவ்வளவு தூரத்துச் சலனம் என்பதையும் அறியலாம்.

இதையே எக்ஸ் கிரணங்களைக் கொண்டு செய்தால் 1 ஆங்ஸ்ட்ராம் வரை இறங்கலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் அதற்கு ஓரியல்பான கிரணம் வேண்டும். அதாவது, மாதிரியின் ஒரு ஓரத்தில் படும் அலையும் மறு ஓரத்தில் படும் அலையும் ஒன்றுக்கொன்று கட்டம் பிசகாமல் வரவேண்டும். எந்தக் கிரணத்திலும் அத்தகைய பகுதி சிறிது உண்டு. அதன் அகலத்தை அறிய அலைநீளத்தை ஊற்றிலிருந்துள்ள தூரத்தால் பெருக்கி ஊற்றின் அகலத்தால் வகுத்தால் போதும். ஊற்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, தூரம் 40 மீட்டர், அலைநீளம் 1 ஆங்ஸ்ட்ராம் என்றால் கிடைப்பது 40 மைக்ரான். ஊற்று ஒரு மில்லிமீட்டராகப் பெருத்தால் 4 மைக்ரான். இந்த அகலத்துக்குள் அடங்கியதை மட்டும் ஊசித்துளையால் பிரித்தெடுத்து, எஞ்சிய வெளிச்சத்தையெல்லாம் தடுத்துவிட வேண்டும். இதுவும் போதாது. சிலிக்கான் படிகத்தால் ஒரே அலைநீளத்தை வடிகட்டினாலும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அலைநீளம் முன்பின்னாக இருப்பதால், சிதறிய அலைகளுக்கிடையே ஒரு மைக்ரானுக்கு மேல் பாதை வித்தியாசம் ஏற்பட்டால் கோலம் மங்கிவிடும். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் அளக்கத்தக்க அளவு ஒளி மிஞ்ச வேண்டுமானால், ஆரம்பத்தில் உள்ள ஒளி அளவிறந்ததாக இருக்க வேண்டும். யந்திரங்களின் பிரகாசத்தை மேன்மேலும் பெருக்கியவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்களுக்காகவே பெருக்கினார்கள். அதில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு ஒழுங்கை மட்டும் வைத்துக்கொள்ளத் துணிந்தவர்களே இந்தச் சாஸ்திரத்தை ஸ்தாபித்தார்கள்.

அந்த ஸ்தாபனம் 1991-இல் அமெரிக்காவில், புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையின் ஒளிவளையத்தில் நிகழ்ந்தது. கனடாவின் மெக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்க் சட்டன் முதற்பெயராக நிற்க, மோக்ரி, கிரேடக், நாக்லர், பெர்மன், ஹெல்ட், ஸ்டீஃபன்சன் ஆகியோர் உடன் கையொப்பமிட்ட கட்டுரை அவ்வருஷம் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மூன்று பங்கு செம்பும் ஒரு பங்கு தங்கமும் கலந்த ஒற்றைப் படிகம். அந்தத் தேர்வின் நுட்பம் வியக்கத்தக்கது. ஏறத்தாழ 390 பாகை சென்டிகிரேடுக்கு மேல் இக்கலப்புலோகத்தில் செம்பும் தங்கமும் எந்த ஸ்தானத்திலும் ஒழுங்கின்றி அமரும். அதற்குக் கீழே குளிர்ந்ததும், தங்கம் கனசதுரத்தின் மூலைகளிலும் செம்பு முகங்களின் நடுவிலுமாக ஒழுங்குபட்டு அமரத் தொடங்கும். ஆனால் எந்த ஸ்தானத்தை மூலையாகக் கொண்டு தங்கம் பற்றுவது என்பதில் நான்கு விதம் உண்டு. படிகத்தின் ஒரு பகுதி ஒரு விதத்தையும் பக்கத்துப் பகுதி வேறு விதத்தையும் பற்றிக்கொண்டு வளர்ந்தால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒழுங்கு ஒரு படி பிசகிவிடும். ஒழுங்கு பிறந்தால் மட்டுமே தோன்றும் ஒரு விசேஷச் சிதறல் சிகரம் உண்டு. சாதாரண எக்ஸ் கிரணத்தில் அது, பகுதிகள் சிறிதாயிருந்தால் அகலமாகவும் பெரிதாயிருந்தால் குறுகலாகவும், மழமழப்பான ஒரு மேடாகத் தெரியும். சட்டனும் தோழர்களும் சில மைக்ரான் விட்டமுள்ள ஊசித்துளையினூடே, சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கிரணத்தைச் செலுத்தியபோது, அந்த மேடு உடைந்து கூர்மையான புள்ளிகளாகச் சிதறி நின்றது.

இந்தப் புள்ளிகள் எவ்வளவு சிறியவை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 5 மைக்ரான் துளை, 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளம், ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு புள்ளியின் அகலம் 30 மைக்ரான். அதைப் பிரித்தறியும் கண்ணும் அவ்வளவு நுட்பமாக இருந்தாக வேண்டும். இன்னொரு விசேஷம்: அந்த முதல் பரிசோதனையில் எந்தச் சலனமும் அளக்கப்படவில்லை. வஸ்து ஸ்திரமாயிருந்தது, கோலமும் ஸ்திரமாயிருந்தது. இதை ஒரு குறையாகக் கருதுவது பிழை. கிரணமும் துளையும் படிகமும் தாமாகச் சற்றே நகர்ந்தாலும் கோலம் மாறிவிடுமாதலால், மாறாத வஸ்து மாறாத கோலத்தைத் தருகிறது என்பதை முதலில் நிரூபித்தால்தான், பிறகு கோலம் மாறும்போது வஸ்துவின் மேல் அந்த மாறுதலைச் சுமத்த முடியும். அசைவின்மையைக் காட்டிய அந்த வெற்றிக்கு, பின்வந்த எல்லா அளவைகளும் கடமைப்பட்டிருக்கின்றன.

நான்கு வருஷங்களில் சலனமும் அகப்பட்டது. 1995-இல் பிரௌவர், ஸ்டீஃபன்சன், சட்டன் முதலியோர், பிரான்ஸில் கிரனோபிள் நகரத்தில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த 844 மீட்டர் சுற்றளவுள்ள ஐரோப்பிய வளையத்தில், இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கலப்புலோகம் ஒழுங்குக்கும் ஒழுங்கின்மைக்கும் நடுவில் தத்தளிக்கும் உஷ்ணநிலையில் அதன் ஏற்ற இறக்கங்களை அளந்தார்கள். அதே வருஷம் டியர்க்கரும் தோழர்களும் கிளிசரினில் மிதக்கும் தங்கத் துகள்களின் பிரௌனியச் சலனத்தை எக்ஸ் கிரணங்களால் அளந்தார்கள். கிளிசரினைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் பிசுபிசுப்பு. நீரில் துகள்கள் துள்ளும் வேகத்துக்கு அக்காலத்து ஒளி ஈடுகொடுக்காது.

இதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின் மோக்ரியும் தோழர்களும் செய்த மாறுதல், மேலுக்குச் சிறிதாகத் தோன்றினாலும், என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமான கட்டம். அதுவரை பெரும்பாலும் ஒற்றைக் கண்ணால், ஒரு புள்ளியை மட்டும் பார்த்து வந்தார்கள். மணிக்கு ஒரு முறை மாறும் கோலத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து நம்பத்தகுந்த சராசரி எடுக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டும்; யந்திரத்தில் ஒருவருக்குக் கிடைப்பதோ சில தினங்கள். மோக்ரி குழுவினர் சி.சி.டி. என்னும் மின்னணுப் படத் தகட்டை வைத்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே சமயத்தில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பின்பு சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். காலத்தில் எடுக்க வேண்டிய சராசரியை இடத்தில் எடுத்துக்கொண்டதால் காத்திருப்பு சகிக்கத்தக்க அளவுக்குக் குறைந்தது. அதைவிட மேலாக, மூப்படையும் வஸ்துக்களின் கதையும் படிக்கக் கிடைத்தது. ஏனெனில் காலத்தால் சராசரி எடுப்பவன், காலை பத்து மணிக்கு இருந்த வேகமும் மாலை நான்கு மணிக்கு இருந்த வேகமும் ஒன்றே என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவனாகிறான். இடத்தால் சராசரி எடுப்பவனோ, எந்த இரண்டு நேரங்களையும் எடுத்து ஒப்பிட்டு, வஸ்து நாழிகைக்கு நாழிகை எப்படி மந்தமாகிறது என்பதை நேரே காணலாம்.

அதன்பின் வந்த அளவைகள் பல. அவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். 2007-இல் ஷ்பிர்கோவும் தோழர்களும் குரோமியத்தில் காந்தப் பிரதேசங்களின் எல்லைகள் தாமாகவே மெல்ல இடம் பெயர்வதைக் கண்டார்கள். சுமார் 40 கெல்வினுக்குக் கீழே உஷ்ணம் குறைந்தும் அந்தச் சலனம் உறைந்து நின்றுவிடாததால், அதற்குக் குவாண்டம் விதிகளையே காரணமாகக் கூற வேண்டியிருந்தது. 2009-இல் வியன்னாவைச் சேர்ந்த லைட்னர், செபியோல், ஃபோகல் முதலியோர், செம்பில் பத்தில் ஒரு பங்கு தங்கம் கலந்த படிகத்தில் பரமாணுக்கள் ஒரு ஸ்தானத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதையே அளந்துவிட்டார்கள். படிகச் சிகரங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் மிக மெல்லிய சிதறலை அவர்கள் சேகரிக்க வேண்டியிருந்ததால், ஒரு படத்தில் பெரும்பாலான கட்டங்களில் ஒரு ஃபோட்டான்கூட விழாது. அவ்வளவு வறிய செய்தியிலிருந்து, தாவல் எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை என்பதையெல்லாம் அவர்கள் வருவித்தார்கள்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். உருகிய நிலையிலிருந்து குளிரும்போது படிகமாக ஒழுங்குபடாமல், திரவத்தின் தாறுமாறான அமைப்போடு அப்படியே இறுகிவிட்ட வஸ்து கண்ணாடி. அது இறுகும் உஷ்ணநிலைக்குக் கீழே பரமாணுக்கள் உண்மையில் நின்றுவிட்டனவா என்பது நெடுநாளைய வினா. 2012-இல் கிரனோபிளில் பெயாட்ரிச்சே ரூட்டாவும் தோழர்களும் மக்னீசியம் 65, செம்பு 25, இட்ரியம் 10 என்ற விகிதத்தில் அமைந்த உலோகக் கண்ணாடியை இந்த முறையால் ஆராய்ந்தார்கள். பரமாணுக்கள் நிற்கவில்லை. இறுகும் உஷ்ணநிலைக்கு மேலே திரவங்களுக்குரிய இழுபறியான தேய்வு காணப்பட்டது: சில பகுதிகள் சீக்கிரமும் சில பகுதிகள் தாமதமுமாக மாறுவதால் கோலத்தின் நினைவு நீண்டு நீண்டு தேயும். கீழே இறங்கியதும் அந்தத் தேய்வின் உருவமே மாறிற்று. நினைவு சிறிது நேரம் நிலைத்து நின்று, பிறகு சட்டென்று அறுந்தது. குளிரும்போது உள்ளே பூட்டப்பட்ட அழுத்தங்கள் மெல்ல விடுபடுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இதையொத்த தேய்வை 2000-இல் சிபெல்லெட்டி முதலியோர் கூழ்மக் களிகளில் லேசர் ஒளியைக் கொண்டு கண்டிருந்தார்கள். களியும் உலோகமும் மூப்படைவதில் ஒரே நடையைக் காட்டியது பௌதிக சாஸ்திரிகளுக்குப் பெரும் உற்சாகத்தை அளித்தது.

2014-இல் ரூட்டாவின் குழுவினர் சோடியம் சிலிகேட் என்னும் சாதாரண ஜன்னல் கண்ணாடியின் இனத்தை எடுத்துக்கொண்டு, அது இறுகும் உஷ்ணநிலைக்கு வெகுவாகக் கீழேயும் நூறு முதல் ஆயிரம் விநாடிகளில் கோலம் மாறிவிடுவதைக் கண்டார்கள். அவ்வளவு ஆழமாகக் குளிர்ந்த கண்ணாடியில் இத்தகைய சலனத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் அத்துடன் நின்றிருந்தால் உலகம் அவர்களைப் பாராட்டியிருக்கும், அவர்கள் நிற்கவில்லை. மணலின் சாரமான சிலிகாவிலும் ஜெர்மேனியம் ஆக்ஸைடிலும் கிரணத்தின் செறிவைக் கூட்டியும் குறைத்தும் அளந்து 2017-இல் வெளியிட்ட முடிவு இது: செறிவு கூடினால் பரமாணுக்களின் சலனம் விரைகிறது; குறைந்தால் தணிகிறது. கண்ணாடியின் சராசரி அமைப்பிலோ எந்த மாறுதலும் தெரியவில்லை. பார்க்க வந்த கிரணமே பார்க்கப்படும் பரமாணுக்களைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தது. ஆக்ஸைடுகளில் எக்ஸ் கிரணம் எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. உலோகங்களில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் அந்தக் காயத்தை உடனே ஆற்றிவிடுவதால், உலோகக் கண்ணாடிகளில் இந்தக் கோளாறு காணப்படவில்லை என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம். அமைப்பை மட்டும் பார்த்தவர்கள் அத்தனை வருஷங்களாக இதை அறியாமற் போனதில் வியப்பில்லை, ஜனநெருக்கம் மாறவில்லையே! தனித்தனி ஸ்தானங்களைக் கவனிக்கும் புள்ளிக் கோலத்தால்தான் இது வெளிப்பட்டது. தம் கையிலுள்ள கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்த அந்தக் கட்டுரையை, 1991-ஆம் வருஷக் கட்டுரைக்கு அடுத்தபடியாக நான் மதிக்கிறேன்.

அதுமுதல் இத்துறையில் ஒரு வழக்கம் வேரூன்றியது. எந்த அளவையையும் ஒரே செறிவில் முடித்துவிடாமல், கிரணத்தின் வழியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து அதன் செறிவைப் படிப்படியாகத் தணித்து, ஒவ்வொரு படியிலும் காலத்தை அளந்து, இரண்டும் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கிறார்கள். கிரனோபிள் வளையத்தைப் பிரித்து அதே சுரங்கத்தில் புதிதாகக் கட்டி 2020-இல் மீண்டும் திறந்தபோது, அதன் ஓரியல்பான ஒளி ஏறத்தாழ நூறு மடங்கு பெருகியது. இம்முறையில் அளவையின் தெளிவு ஒளிக்கு நேர்விகிதமாகவும், காலத்தின் வர்க்கமூலத்துக்கு மட்டுமே விகிதமாகவும் வளர்வதால், நூறு மடங்கு ஒளி பத்தாயிரம் மடங்கு விரைந்த சலனத்தை எட்ட உதவுகிறது. ஆனால் அந்த நூறு மடங்கும் மாதிரியின் மேலேயே விழுகிறது. ஆகவே இன்று அங்கே பரிசோதனை செய்பவர்கள், புரதங்களையும் களிகளையும் ஆராயும்போது, மாதிரியை ஓரிடத்தில் சிறிது நேரமே ஒளியில் காட்டி, பின்பு கதிர்படாத புது இடத்துக்கு நகர்த்தி, பல இடங்களில் கிடைத்த சிறுசிறு பதிவுகளைச் சேர்த்தே முடிவு காண்கிறார்கள்.

ஒரு துடிப்பிலேயே மாதிரியைச் சிதைத்துவிடக் கூடிய, கடின எக்ஸ் கிரணங்களை வீசும் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர்கள் 2009-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய பிறகு இந்தச் சிக்கல் எப்படி உருமாறிற்று என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)